ஒரு கூட்டுப்பண்ணைக் குடும்பத்தின் வீட்டுக் கணக்கை எழுதும் முறை: சோவியத் உக்ரைன், 1928 முதல்

உழவர்களின் நிலமும் கால்நடையும் பொதுவில் சேர்க்கப்பட்ட கூட்டுப்பண்ணை என்ற சொல் தமிழ் வாசகருக்குப் புதியதன்று. மலிவு விலையில் வந்த சோவியத் வெளியீடுகள் வழியாக, டிராக்டரும் கோதுமைக் கதிரும் சிரித்த முகமுமாக அந்தச் சொல் நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பண்ணையில் நின்ற குதிரை அதற்கு முன் யாருடைய கொட்டகையில் நின்றது, அதைக் கொடுக்கச் சம்மதமா என்று அந்த வீட்டாரை யாரேனும் கேட்டார்களா என்பதை மட்டும் அந்த வெளியீடுகள் சொல்லவில்லை. கட்டாயக் கூட்டுப்பண்ணை முறையில் ஓர் உழவர் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதை மாணவர்களுக்குக் கற்பிக்கவோ, கட்டுரையாக எழுதவோ, தாமே புரிந்துகொள்ளவோ விரும்புவோருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். கட்சித் தீர்மானங்களையும் உற்பத்திப் புள்ளிவிவரங்களையும் மட்டும் படித்தால் அரசு என்ன நினைத்தது என்பது தெரியுமே தவிர, வீட்டில் என்ன நடந்தது என்பது தெரியாது. வீட்டில் நடந்ததை அறிய, அந்த வீட்டின் வரவு செலவை நாமே எழுதிப் பார்க்க வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ஆட்கள், நிலம், கால்நடை, தானியம், தாள்கள் என்று ஐந்து பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். தாள்கள் என்பது வரி ரசீது, அபராத அறிவிப்பு, நீதிமன்ற உத்தரவு, அடையாள ஆவணம் என்று அந்த வீட்டுக்கு வந்ததும் வராததுமான எல்லாக் காகிதங்களும் ஆகும். முதல் பக்கம் 1928ஆக இருக்கட்டும். கட்டாயம் தொடங்குவதற்கு முன் அந்த வீட்டில் என்ன இருந்தது என்று தெரியாவிட்டால், பின்னர் என்ன போயிற்று என்பதை அளக்க முடியாது.

பழகிப் பார்ப்பதற்காக ஒரு குடும்பத்தைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். பொல்தாவா பக்கத்துக் கிராமம் ஒன்றில் அப்பா, அம்மா, அப்பாவைப் பெற்ற பாட்டி, நான்கு பிள்ளைகள் என ஏழு பேர் இருக்கிறார்கள். கடைசிப் பிள்ளை 1926இல் பிறந்தது. ஏழு ஹெக்டேர் நிலம், இரண்டு குதிரைகள், ஒரு பசு, ஒரு கன்று, சில ஆடுகள், கோழிகள் அவர்களிடம் உள்ளன. ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் என்பதால், ஏழு ஹெக்டேர் என்பது 17 ஏக்கருக்குச் சற்று மேல் வருகிறது. 17 ஏக்கர் என்றதும் நமக்குப் பெரிய குடித்தனம் என்று தோன்றும். அங்குதான் முதல் தவறு நேர்கிறது. குளிர்காலத்தில் நிலம் உறைந்து கிடக்கும் நாடு அது. ஆண்டுக்கு ஒரே வெள்ளாமை. நிலத்தின் ஒரு பகுதியைத் தரிசாகப் போட்டு வைப்பது வழக்கம். 1920களின் இறுதியில் சோவியத் நாட்டின் தானிய விளைச்சல் ஹெக்டேருக்குச் சராசரியாக 7, 8 குவிண்டால்தான், அதாவது ஏக்கருக்குச் சுமார் 3 குவிண்டால். அதிலிருந்து விதைக்கு எடுத்து வைத்து, குதிரைக்கும் மாட்டுக்கும் கொடுத்து, வரி கட்டி, மிஞ்சியதில் ஏழு பேர் உண்டார்கள். பழைய ஆவணங்களில் பூத் என்ற எடை வந்தால் அதை 16.38 கிலோ என்றும், தெசியாத்தினா என்ற அளவு வந்தால் அதை ஒரு ஹெக்டேருக்குச் சற்றே கூடுதல் என்றும் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்ததாக, குலாக் என்ற சொல்லைக் கையாளும் முறையில் கவனம் தேவை. தமிழில் பலர் அதைப் பண்ணையார் என்றும் நிலக்கிழார் என்றும் பெயர்த்துவிடுகிறார்கள். அது பொருந்தாது. பிரபுக்களின் பெருநிலங்கள் 1917ஆம் ஆண்டு நில ஆணையோடு பறிக்கப்பட்டு உழவர்களுக்குள் பங்கிடப்பட்டுவிட்டன. மூடிய கை என்று பொருள்படும் குலாக் என்ற சொல், உக்ரைனியில் குர்குல், 1929இல் யாரைக் குறித்தது என்பதை அந்த ஆண்டு மே மாத அரசாணையில் பார்க்கலாம்: கூலியாள் வைத்திருப்பது, மாவு ஆலையோ எண்ணெய் ஆட்டும் ஆலையோ வைத்திருப்பது, இயந்திரத்தையோ கட்டடத்தையோ வாடகைக்கு விடுவது, வியாபாரம் செய்வது போன்றவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலே போதுமானதாக இருந்தது. நடைமுறையில் அறுவடைக்கு இரண்டு ஆள் வைத்தவரும், கூடுதலாக ஒரு பசு வைத்திருந்தவரும், ஊர் மன்றமான கிராம சோவியத்தில் யாரோடேனும் பகை இருந்தவரும் அந்தப் பட்டியலில் ஏறினார்கள். எந்த அடையாளமும் பொருந்தாத ஏழையைச் சேர்க்க வேண்டுமானால், குலாக்கின் கையாள் என்று ஒரு பெயரும் தயாராக இருந்தது. ஆகவே குலாக் என்ற சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதி, அந்த வீட்டின் நிலத்தையும் கால்நடையையும் பக்கத்தில் குறிப்பதே நேர்மையான வழி என்பது என் கருத்து.

இனி ஆண்டு ஆண்டாகப் பக்கங்களை நிரப்பலாம். 1928 ஜனவரியில் ஸ்டாலின் சைபீரியாவுக்கு நேரில் சென்று, தானியத்தை விற்காமல் வைத்திருப்போர்மீது குற்றவியல் சட்டத்தின் 107ஆம் பிரிவைப் பயன்படுத்தச் சொன்னார். அரசு கொடுத்த விலை குறைவு என்பதால்தான் உழவர்கள் தானியத்தை வீட்டில் வைத்திருந்தார்கள். அந்த ஆண்டு முதல் நம் நோட்டின் தானியப் பத்தியில் விற்பனை என்ற சொல் மெல்ல மறைந்து கொள்முதல் என்ற சொல் வருவதைக் காண்பீர்கள். 1929 நவம்பர் 7 அன்று, மாபெரும் திருப்பத்தின் ஆண்டு என்று ஸ்டாலின் கட்சி நாளேடான பிராவ்தாவில் எழுதினார். டிசம்பர் 27 அன்று குலாக்குகளை ஒரு வர்க்கமாக ஒழிப்பது பற்றிப் பேசினார். 1930 ஜனவரி 30 அன்று கட்சியின் உச்சக் குழுவான அரசியல் குழு அதற்கான தீர்மானத்தை நிறைவேற்றி, அத்தகைய குடும்பங்களை மூன்று வகையாகப் பிரித்தது. முதல் வகையில் குடும்பத் தலைவரைக் கைது செய்வது, முகாமுக்கு அனுப்புவது அல்லது சுட்டுக் கொல்வது. இரண்டாம் வகையினரை வடக்குக்கும் யூரலுக்கும் சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் கட்டாயமாகக் குடிபெயர்த்து அனுப்புவது. மூன்றாம் வகையினரை அதே வட்டாரத்திலேயே மோசமான நிலத்துக்குத் துரத்துவது. 1930, 1931 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 18 லட்சம் பேர் இவ்வாறு தொலைவிடங்களுக்குக் குடிபெயர்க்கப்பட்டார்கள். உங்கள் குடும்பம் இந்த மூன்றில் ஒன்றில் விழுந்திருந்தால், ஆட்கள் பத்தியில் எந்த வகை என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். அடுத்து எந்த ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

நம் குடும்பம் அந்தப் பட்டியலுக்குத் தப்பிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அப்போதும் அதற்கு விடுதலை இல்லை. நகரத் தொழிற்சாலைகளிலிருந்து அனுப்பப்பட்ட இருபத்தைந்தாயிரவர் என்ற தொழிலாளர் படையும், உள்ளூர் ஏழை உழவர் குழுவினரும் இரவு நேரக் கூட்டங்களில் கையெழுத்துக் கேட்டார்கள். பக்கத்து வீட்டாரை வண்டியேற்றி அனுப்பியதைப் பார்த்த பிறகு வைக்கும் கையெழுத்தை விருப்பக் கையெழுத்து என்று எழுதக் கூடாது. குதிரைகள் இரண்டும் பொதுக் கொட்டகைக்குப் போயின. பல ஊர்களில் பசுவும் போயிற்று. பொதுவுக்குக் கொடுப்பதைவிட அறுத்துத் தின்பதே மேல் என்று கருதி உழவர்கள் தம் கையாலேயே கால்நடைகளை வெட்டினார்கள்; எஞ்சியவற்றில் பெரும்பகுதி தீவனமின்றிப் பொதுக் கொட்டகைகளில் மடிந்தது. 1928இல் சோவியத் நாட்டில் சுமார் 3 கோடியே 35 லட்சமாக இருந்த குதிரைகள் 1933இல் பாதியாகக் குறைந்தன; மாடுகள் சுமார் 7 கோடியிலிருந்து 4 கோடிக்கும் கீழே இறங்கின. கால்நடைப் பத்தியை ஆறு ஆண்டுகளுக்கு ஒன்றாகப் பார்த்தால், வரப்போகும் பஞ்சம் ஆட்கள் பத்திக்கு வருவதற்கு முன்பே இந்தப் பத்தியில் எழுதப்பட்டுவிட்டது புரியும்.

1930 மார்ச் 2 அன்று வெற்றியால் தலைசுற்றல் என்ற கட்டுரையில், வற்புறுத்தலுக்கு உள்ளூர் ஊழியர்களே காரணம் என்று ஸ்டாலின் பழியை இறக்கி வைத்தார். அந்தச் செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு உழவர்கள் கூட்டுப்பண்ணையைவிட்டு வெளியேறினார்கள். பாதிக்கு மேல் சேர்ந்திருந்த குடும்பங்கள் கோடைக்குள் கால்பங்குக்கும் குறைவாயின. பெண்கள் முன்னே நின்று விதைத் தானியத்தையும் பசுக்களையும் திரும்பக் கேட்ட கலகங்கள் உக்ரைனில் ஏராளமாக நடந்தன. இந்தப் பக்கத்தை எழுதும்போது அம்மாவும் பாட்டியும் என்ன செய்தார்கள் என்று தனியாக விசாரியுங்கள், ஏனெனில் அரசுப் பதிவுகள் குடும்பத் தலைவரின் பெயரை மட்டுமே எழுதின. வெளியேறியவர்களுக்குப் பழைய நிலம் கிடைக்கவில்லை. ஊர்க்கோடியில் மட்டமான துண்டு கிடைத்தது, வரியும் அரசுக்குக் கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய தானியக் கடமையும் கூடின. ஓரிரு ஆண்டுகளில் பெரும்பாலோர் மீண்டும் உள்ளே வந்தார்கள்.

பஞ்ச ஆண்டுகளான 1932, 1933 ஆகிய பக்கங்களுக்கு ஆண்டுக் கணக்குப் போதாது. மாதவாரியாக எழுத வேண்டும். 1930 அறுவடையிலிருந்து உக்ரைனில் ஏறத்தாழ 77 லட்சம் டன் தானியம் எடுக்கப்பட்டது. விளைச்சல் மிகவும் குறைந்துபோன 1932இலும் 40 லட்சம் டன்னுக்கு மேல் எடுக்கப்பட்டது. 1932 ஆகஸ்ட் 7 அன்று வந்த சட்டம் கூட்டுப்பண்ணைச் சொத்தைத் திருடினால் மரண தண்டனை, குறைந்த அளவாகப் பத்தாண்டுச் சிறை என்றது. அறுத்த வயலில் உதிரிக்கதிர் பொறுக்கிய பெண்களும் அதில் சிக்கியதால் மக்கள் அதை ஐந்து கதிர்ச் சட்டம் என்று அழைத்தார்கள். நவம்பர் 18 தீர்மானம் தானியப் பாக்கி உள்ளவர்களுக்கு 15 மாத அளவு இறைச்சியை அபராதமாக விதிக்க வழி செய்தது. பாக்கி வைத்த ஊர்கள் கருப்புப் பட்டியலில் ஏறின. அந்த ஊர்க் கடையிலிருந்து உப்பும் தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் உட்பட எல்லாப் பொருளும் திருப்பி எடுத்துச் செல்லப்பட்டன. இரும்புக் கம்பிகளோடு வந்த குழுக்கள் மண்தரையையும் அடுப்பு மேடையையும் தோட்டத்தையும் குத்திப் பார்த்து, பானையில் இருந்த பயறுவரை எடுத்துச் சென்றன. விதைநெல்லைத் தின்னும் நிலை என்று நாம் சொல்வோம். அந்த வீடுகளில் அதற்கும் விதை மிஞ்சவில்லை.

தாள்கள் பத்தி பஞ்சத்தோடு சேரும் இடத்தை விட்டுவிடாதீர்கள். 1932 டிசம்பர் 27 அன்று நகரத்தாருக்கு உள்நாட்டுக் கடவுச்சீட்டு அறிமுகமாயிற்று; கிராமத்தாருக்கு அது இல்லை. 1933 ஜனவரி 22 அன்று வந்த உத்தரவு உக்ரைனிலிருந்தும் அதை அடுத்த வட காக்கசியாவின் கூபான் பகுதியிலிருந்தும் உழவர்கள் வெளியேறுவதைத் தடுத்தது. ரயில் சீட்டு விற்பனை நிறுத்தப்பட்டது. சில வாரங்களுக்குள் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பிடிக்கப்பட்டுப் பெரும்பாலோர் பட்டினி கிடந்த ஊருக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். அப்பா ரொட்டி தேடிப் புறப்பட்டு ஏன் வெறுங்கையோடு திரும்பினார், அல்லது ஏன் திரும்பவேயில்லை என்ற கேள்விக்கு இந்த ஒரு தாளில் விடை இருக்கக்கூடும். நகரங்களில் தொர்க்சின் என்ற அரசுக் கடைகள் இருந்தன. தங்கமும் வெள்ளியும் கொடுத்தால் மாவு கிடைத்தது. அம்மாவின் திருமண மோதிரமும் பாட்டியின் சிலுவையும் எத்தனை கிலோ மாவாயின என்று சாட்சிகள் சொன்னால், அதைத் தானியப் பத்தியில் வரவாக எழுதுங்கள். உறைந்த உருளைக்கிழங்கு, சோளத்தக்கை, ஏகோர்ன் என்னும் கருவாலிக் கொட்டை, லிண்டன் மர இலை, காட்டுக்கீரை ஆகியவையும் அதே பத்தியில் வர வேண்டும். இறப்பு 1933 ஜூனில் உச்சத்தைத் தொட்டது. வயலில் புதிய பயிர் கதிர் விட்டுக்கொண்டிருந்த மாதம் அது. உக்ரைனில் இறந்தவர்கள் 35 லட்சத்திலிருந்து 40 லட்சம் வரை என்று இன்றைய மக்கள்தொகை ஆய்வாளர் பலர் கணக்கிடுகிறார்கள். கஜகஸ்தானில் மேலும் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள். 2006இல் உக்ரைன் நாடாளுமன்றம் உக்ரைனில் நடந்த இந்தப் பஞ்சத்தை இனப்படுகொலை என்று சட்டமாக்கியது. அந்தச் சொல்லைப் பற்றி அறிஞரிடையே விவாதம் உண்டு. உங்கள் நோட்டு எழுதப்படுவதற்கு அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஆட்கள் பத்தியில் இறந்தவரின் பெயரையும் வயதையும் உறவையும் எழுதுங்கள். பெயர் தெரியாத கைக்குழந்தை என்றால் அப்படியே எழுதுங்கள். நீங்களாக ஒரு பெயர் வைக்காதீர்கள். அவர்கள் என்ன உணர்ந்தார்கள் என்று நிரப்பும் ஆசை இந்த இடத்தில் எழுதுபவருக்கு வரும். அதை அடக்கிக்கொள்வது கடினம் என்றாலும் அடக்க வேண்டும்; சாட்சி சொல்லாத அழுகையை நாம் எழுதினால், சாட்சி சொன்னதையும் நாளை ஒருவர் சந்தேகிப்பார்.

தப்பியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு ட்ருடோதென் என்ற வேலைநாள் அலகைப் புரிந்துகொள்ள வேண்டும். அது ஒரு நாள் கூலியன்று. கடின வேலைக்கு ஒரே நாளில் இரண்டு அலகும், இலகுவான வேலைக்கு அரை அலகும் பதிவாகும். ஆண்டு முடிவில்தான் அதன் மதிப்புத் தெரியும். விளைச்சலிலிருந்து முதலில் அரசுக் கடமை போகும், பின்பு டிராக்டர்களை வைத்திருந்த அரசின் இயந்திர டிராக்டர் நிலையத்துக்கு உழவுக் கட்டணம் தானியமாகவே போகும், பின்பு விதைக்கும் தீவனத்துக்கும் ஒதுக்குவார்கள், கடைசியில் எஞ்சுவதை எல்லாருடைய அலகுகளாலும் வகுப்பார்கள். நம் குடும்பம் ஆண்டு முழுதும் உழைத்து 400 அலகுகள் சேர்த்து, அலகுக்கு ஒரு கிலோ கிடைத்ததாக வைத்துக்கொண்டால், ஏழு பேருக்கு ஆளொன்றுக்கு ஒரு நாளைக்கு 160 கிராமுக்கும் குறைவாகவே வரும். இந்தக் கணக்கை மாணவர்களைக் கொண்டே போடச் செய்யுங்கள்; எந்த விரிவுரையும் அதற்கு ஈடாகாது.

அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது வீட்டுத் தோட்டம். 1935 பிப்ரவரி மாதிரி விதிகளின்படி ஒரு வீடு கால் ஹெக்டேரிலிருந்து அரை ஹெக்டேர் வரை, அதாவது சுமார் 62 சென்டிலிருந்து ஒன்றேகால் ஏக்கர் வரை, தனக்கென்று வைத்துக்கொள்ளலாம். சில இடங்களில் ஒரு ஹெக்டேர் வரை அனுமதி உண்டு. தானியப் பகுதிகளில் ஒரு பசு, இரண்டு கன்றுகள், குட்டிகளோடு ஒரு பெண் பன்றி, பத்து ஆடுகள், கோழிகள் ஆகியவை வைத்துக்கொள்ளலாம். அந்தச் சிறிய துண்டுக்கும் பாலும் முட்டையும் இறைச்சியுமாகக் கடமை செலுத்த வேண்டும். ஏழு ஹெக்டேரிலிருந்து அரை ஹெக்டேருக்கு வந்ததை நிலப் பத்தி காட்டும். பகலில் பண்ணை வயலிலும் அந்தியில் தோட்டத்திலும் இரண்டு முறை உழைத்தது அம்மா என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஆதாரங்களைத் தேடும்போது இடப்பெயரிலும் எல்லையிலும் தடுமாறாதீர்கள். பொல்தாவா மாகாணம் 1937இல்தான் உருவாயிற்று. 1933இல் அந்தப் பக்கத்து ஊர்கள் கார்கிவ் மாகாணத்திலோ கியெவ் மாகாணத்திலோ இருந்தன. ஒரே குடும்பப் பெயர் ரஷ்யப் பதிவில் ஒரு மாதிரியும் உக்ரைனியப் பதிவில் வேறு மாதிரியும் இருக்கும். தேவாலயப் பிறப்பு இறப்புப் பதிவேடுகளில் 1918க்கு முந்தைய தேதிகள் பழைய நாட்காட்டியைச் சேர்ந்தவை. 20ஆம் நூற்றாண்டுத் தேதிகளுக்கு 13 நாள் கூட்டுங்கள். கிராம சோவியத்தின் வீட்டுப் பதிவேடுகளில் ஆட்களும் பசுவும் தோட்டமும் ஒரே பக்கத்தில் கிடைக்கும். சோவியத் இரகசியக் காவல் துறையின் பழைய கோப்புகளை உக்ரைன் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தால் திறந்துவிட்டது. சில இடங்களில் 1933ஆம் ஆண்டின் இறப்புப் பதிவேடுகள் அகற்றப்பட்டன. 1937 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சுமார் 16.2 கோடி என்று காட்டியபோது, 1933 இறுதியிலேயே மக்கள்தொகை 16.8 கோடியாகிவிட்டது என்று ஸ்டாலின் முன்பே அறிவித்திருந்ததால், அந்தக் கணக்கு மறைக்கப்பட்டு அதை நடத்தியவர்கள் கைதானார்கள். அரசுத் தாளில் இல்லாத மரணம் நடக்காத மரணம் என்று முடிவுகட்டக் கூடாது.

வாய்மொழிச் சாட்சியங்களில், 1950, 1951ஆம் ஆண்டுகளில் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் சோவியத் அகதிகளிடம் எடுத்த நேர்காணல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. உக்ரைன் பஞ்சத்தை ஆராய அமைக்கப்பட்டு, ஜேம்ஸ் மேஸ் பணி இயக்குநராக இருந்த அமெரிக்க ஆணையம் 1980களில் 200க்கும் மேற்பட்டோரிடம் சாட்சியம் பெற்றது. படிக்கும்போது முதலில் சாட்சிக்கு அன்று என்ன வயது என்று கணக்கிடுங்கள். எட்டு வயதுப் பிள்ளை பானை காலியானதைச் சரியாகச் சொல்லும், தேதியைச் சரியாகச் சொல்லாது. வீட்டோடு எல்லாரும் இறந்த குடும்பங்களுக்குச் சாட்சியே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். தேடுதலுக்கு வந்தவர்களில் சிலர் அதே ஊர்க்காரர்கள், சிலர் உறவினர்கள்; அவர்களுக்கும் அந்த வேலைக்காகத் தானியத்தில் பங்கு கிடைத்தது. அதை மறைக்காமல் எழுதுங்கள்.

படங்களில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 1921, 1922ஆம் ஆண்டுகளின் வோல்கா பஞ்சப் படங்கள் 1933 என்ற குறிப்போடு இன்றும் சுற்றுகின்றன. அலெக்சாந்தர் வீனர்பெர்கர் என்ற ஆஸ்திரியப் பொறியாளர் 1933இல் கார்கிவ் தெருக்களில் எடுத்த படங்கள் உறுதியானவை. எடுத்தவர், ஊர், ஆண்டு ஆகிய மூன்றும் தெரியாத படத்தை வகுப்பறைக்குக் கொண்டுவராதீர்கள்.

நோட்டை 1933இலோ, போர் வந்த 1941இலோ மூடிவிட வேண்டாம். 1939இல் ஆண்டுக்கு 60 முதல் 100 வரையிலான வேலைநாள் அலகுகள் கட்டாயமாயின. 1946, 1947இல் மீண்டும் பஞ்சம் வந்தது. கூட்டுப்பண்ணை உழவர்களுக்கு ஓய்வூதியச் சட்டம் 1964இல்தான் வந்தது. மாதந்தோறும் உறுதியான ஊதியம் 1966இல் தொடங்கியது. கிராமத்தார் அனைவருக்கும் கடவுச்சீட்டு தர 1974இல் முடிவெடுத்து, 1976இல் வழங்கத் தொடங்கினார்கள். நம் குடும்பத்தின் கடைசிப் பிள்ளை பஞ்சத்துக்குத் தப்பி, ஊரைவிட்டுப் போகாமல் அதே பண்ணையிலேயே உழைத்திருந்தால், தாள்கள் பத்தியில் கடவுச்சீட்டு என்று எழுதும்போது அதற்கு 50 வயது.